களிமண் புறாவும் இரட்டைக்குழல் துப்பாக்கியும்

கருவி ஒன்று பிறப்பதற்குத் தேவை ஒன்று காரணமாகின்றது. அத்தேவை நீங்கியதும் கருவியும் ஒரு மூலையில் ஒதுங்கிவிடுவதே உலக வழக்கம். நீராவிக் கப்பல் வந்தபின் பாய்க்கப்பல் துறைமுகத்தை விட்டு அகன்றது. ஆலை வந்தபின் செக்கு ஊரை விட்டு அகன்றது. ஆயினும், தான் எந்தத் தொழிலுக்கெனப் படைக்கப்பட்டதோ அத்தொழிலின் பழைய கோலம் மறைந்த பின்னரும், வேறொரு தொழிலை ஏற்றுக்கொண்டு மதிப்புக் குன்றாமல் வாழும் கருவிகளும் சில உள. இரண்டு குழல்கள் பக்கம் பக்கமாக அமைந்த பழைய வேட்டைத் துப்பாக்கி அவற்றுள் ஒன்று. இலங்கைத் தமிழர் பேச்சு வழக்கிலே துவக்கு என்னும் இந்த ஆயுதத்தின் வரலாறு, ஒரு பறவையின் வரலாற்றோடும் ஒரு மண் தட்டின் வரலாற்றோடும் பின்னிக் கிடக்கின்றது.

ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலே சான்போர்ட் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரை அடுத்த சுடுகளம் ஒன்றில், இந்த நூற்றாண்டின் முதல் ஆண்டுகள் தொடங்கி, இளவேனிற் காலத்திலே இரட்டைக்குழல் துப்பாக்கி அன்பர்கள் கூடும் போட்டி நடந்துவந்துள்ளது. இத்தகைய கூட்டங்கள் அந்நாட்டின் வேறு மாநிலங்களிலும் இங்கிலாந்திலும் நடைபெறுவதுண்டு. அங்கே காணப்படும் துப்பாக்கிகளுட் பல, அவற்றை ஏந்தி வருவோரின் பாட்டனார் காலத்தவை. சில அதற்கும் முந்தியவை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆங்கிலக் கனவான்களைப் போலத் தடித்த கம்பளிச் சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்து வருவோரும் உளர். மேசைகளின்மீது பழைய துப்பாக்கிகளைப் பரப்பி விற்பார் ஒருபுறம். குழலைக் கண்ணருகே உயர்த்தி உட்புறத்தை ஆராய்வார் மறுபுறம்.

கூட்டத்தின் நடுநாயகமாக விளங்குவது போட்டியே. மரங்களுக்கிடையே செல்லும் பாதையில் பத்துக்கு மேற்பட்ட நிலைகள் அமைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு நிலையிலும் ஒரு பொறி, கைப்பிடிக்குள் அடங்கும் தட்டுகளை வெவ்வேறு வகையாக வீசும். ஒன்று காட்டுக்கோழி போலத் தலைக்கு மேலாக உயர்ந்து வரும். ஒன்று காடை போலச் சட்டென எழுந்து அகலும். வேறொன்று முயல் போல நிலத்தில் உருண்டோடும். சுடுபவர் “இழு” என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் கூவுவார், தட்டுப் பறக்கும், குறி தப்பாதாயின் அது கரும்புகையாய்ச் சிதறும். இவ்வாறு நூறு தட்டுகள் வரை ஒருவர் சுடுவார். ‘ஸ்போட்டிங் கிளேஸ்’ என்பது இவ்விளையாட்டின் பெயர்.

பறக்கும் தட்டுக்கு வழங்கும் பெயர் ‘களிமண் புறா’ என்பது. ஆனால், இன்றைய தட்டிலே களிமண் இல்லை. சுண்ணாம்புக்கல் மாவையும் கீலையும் குழைத்து, 108 மில்லிமீற்றர் விட்டமுடையதாக வார்க்கப்படுவது அது. புறாவுக்கும் அதற்கும் உருவத்திலே யாதோர் உறவும் இல்லை. பின்னர் இப்பெயர் எங்ஙனம் வந்தது? இவ்விரு பொய்களுள்ளும் ஒரு மெய்யான வரலாறு ஒளிந்திருக்கின்றது.

தொடக்கத்திலே பறந்தது மெய்யான புறாவேயாம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்திலே புறாக்களைப் பெட்டிகளில் அடைத்துவைத்து, கயிற்றை இழுத்து மூடியைத் திறந்து, அவை எழும்போது சுடும் பந்தயம் தோன்றியது. இலண்டனுக்கு மேற்கேயுள்ள ஈலிங் என்னும் இடத்திலிருந்த விடுதி ஒன்றில், நிலத்திலே குழி தோண்டிப் புறாவை இட்டுப் பழைய தொப்பியால் மூடிவைப்பர் என்பது வழிவழிச் செய்தி. ‘பழைய தொப்பிகள்’ என்பதே அவ்விடுதியின் பெயராயிற்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் இது செல்வர்களின் பெரும் பொழுதுபோக்காயிற்று. 1869இல் இலண்டனில் தோன்றிய ஹேர்லிங்ஹாம் கழகம் புறாச் சுடுவதற்கென்றே நிறுவப்பட்டது. 1905இல் அவ்வழக்கத்தை அக்கழகம் கைவிட்ட பின்னரும், அதன் சின்னத்திலே புறாவின் உருவம் நிலைத்துவிட்டது. 1900ஆம் ஆண்டில், ஒலிம்பிக் போட்டிகள் நடந்த காலத்தில், பாரிஸ் நகரிலும் உயிருள்ள புறாக்களைச் சுடும் போட்டி நடந்தது. 21 பறவைகளை வீழ்த்திய பெல்ஜிய நாட்டவர் ஒருவர் அதில் முதலிடம் பெற்றார்.

அமெரிக்காவிலோ இப்பந்தயத்துக்கு இரையானது வேறோர் இனம். வானத்தை மறைத்துக்கொண்டு கூட்டங்கூட்டமாய்ப் பறந்த பயணப்புறா அது. அதனை வலைவீசி ஆயிரக்கணக்கிற் பிடித்து, கூடைகளில் அடைத்து, புகைவண்டியில் ஏற்றிப் பந்தயக் களங்களுக்கு அனுப்பினர். 1881இல் நியூயோர்க் நகரை அடுத்த கோனித் தீவிலே நடந்த ஒரு போட்டிக்குச் சுமார் 20,000 பயணப்புறாக்கள் கொண்டுவரப்பட்டன. மீன்களையும் வேட்டை உயிர்களையும் பாதுகாப்பதற்கெனத் தோன்றிய ஒரு மாநிலச் சங்கமே அப்போட்டியை நடத்தியது என்பது வியப்பினும் வியப்பு! உணவுச் சந்தைக்காக நிகழ்ந்த பெருங்கொலையும் காடழிப்புமே அவ்வினத்தின் அழிவுக்கு முதற் காரணங்கள். எனினும், பந்தயக் களங்களும் அவ்வழிவிலே தம் பங்கைச் செலுத்தின. 1866இல் நியூயோர்க்கிலே உயிர்வதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவிய ஹென்றி பேர்க், இப்பந்தயங்களை விடாது எதிர்த்து வந்தார்.

ஒருபுறம் பறவைகள் அருகின. மறுபுறம் கண்டனம் பெருகியது. எனவே புறாவுக்கு மாற்றுத் தேடும் முயற்சி தொடங்கியது. முதலில் வந்தது கண்ணாடி உருண்டை. 1860களில் பொஸ்ரன் நகரிலே அது அறிமுகமாயிற்று. அக்காலத்துப் பெயர்பெற்ற சுடுவீரரான கப்டன் அடம் பொகார்டஸ், அதனை உயரவும் தொலைவாகவும் வீசத்தக்க பொறியொன்றை 1877இல் தம் பெயரிற் பதிவு செய்தார். உடைந்ததும் பறவை வீழ்வதுபோலத் தோன்றவேண்டும் என்பதற்காகச் சில உருண்டைகளுக்குள் இறகுகளையும் அடைத்து வைத்தனர். ஆயினும், உருண்டை பறவையைப் போலப் பறப்பதில்லை. எறிந்த தேசிக்காய் போல மேலே சென்று கீழே விழுவதே அதன் இயல்பு. களமெங்கும் கண்ணாடிச் சில்லு சிதறியது வேறொரு தொல்லை.

1880இல் இதற்கு விடை கண்டவர் ஒகையோ மாநிலத்துச் சின்சினாற்றி நகரினரான ஜோர்ஜ் லிகௌஸ்கி. நீர்ப்பரப்பின்மீது சிறுவர் தட்டையான சிப்பிகளைத் தாழ எறிய, அவை தத்தித் தத்திச் செல்வதைக் கண்டபோது அவருக்கு இவ்வெண்ணம் உதித்ததாகக் கூறுவர். குளக்கட்டிலே நின்று ஓட்டுத் துண்டை எறிந்து விளையாடியவர் எவருக்கும் இது புதிதன்று. சுழன்று செல்லும் தட்டு காற்றிலே தாங்குண்டு, பறவையைப் போல மிதந்து செல்லும். லிகௌஸ்கி களிமண்ணைத் தட்டாக வார்த்துச் சூளையிற் சுட்டார். அவை மிகக் கடினமாயிருந்தமையால், குண்டு பட்டும் உடையாமல் மணிபோல் ஒலித்ததும் உண்டு. பின்னர் வந்தோர் கீலையும் சுண்ணாம்புக்கல்லையும் கலந்து அக்குறையை நீக்கினர். 1883இல் பொகார்டசும் மற்றொரு பெருவீரரான கார்வரும் களிமண் புறாக்களைக் கொண்டு 25 போட்டிகளில் மோதினர். பெரும்பாலானவற்றில் கார்வரே வென்றார். அப்போட்டிகளைக் காணத் திரண்ட மக்களின் வழியாகப் புதிய தட்டின் புகழ் நாடெங்கும் பரவியது.

களம் மாறியது, மொழி மாறவில்லை. தட்டை வீசும் இயந்திரத்துக்கு, புறாவை அடைத்த பெட்டியின் பெயரே இன்றும் வழங்குகின்றது. கயிறு இல்லாத காலத்திலும் சுடுபவர் “இழு” என்றே கூவுகின்றார். உடைந்த தட்டைக் குறிக்க ‘இறந்த பறவை’ என்று நடுவர் அறிவிப்பதும் உண்டு. இங்கிலாந்திலே, அடைத்துவைத்த பறவைகளை விடுவித்துச் சுடுவது 1921ஆம் ஆண்டுச் சட்டத்தாற் தடைசெய்யப்பட்டது.

எனினும், களிமண் புறா பயணப்புறாவைக் காத்தது என்று கூறுதல் பொருந்தாது. அது காலந்தாழ்ந்து வந்த மாற்று. பயணப்புறா இனத்தின் கடைசிப் பறவை 1914ஆம் ஆண்டு செப்ரெம்பர் 1ஆம் திகதி ஒரு விலங்குக் காட்சிச்சாலையிலே இறந்தது. ‘மார்த்தா’ என்பது அதன் பெயர். அக்காட்சிச்சாலை அமைந்துள்ள நகரமும் சின்சினாற்றியே. மண்ணாற் செய்த புறா பிறந்த ஊரிலேதான், கோடிக்கணக்கிற் பறந்த மெய்யான புறாவின் வமிசமும் அற்றுப்போயிற்று.

இனி, இவ்விரு புறாக்களின் எதிரேயும் நின்ற துப்பாக்கியின் கதையை நோக்குவோம். பழைய கல்லியக்கத் துப்பாக்கியிலே, கிண்ணத்து மருந்து முதலிற் பளிச்சிட்ட பின்னரே குழலின் மருந்து வெடிக்கும். அப்பளிச்சீட்டைக் கண்ட பறவை தப்பிவிடும். ஸ்கொத்லாந்திலே மதகுருவாயிருந்த அலெக்சாந்தர் போர்சைத் இக்குறையால் மனம் நொந்து, அடிபட்டதும் வெடிக்கும் இரசாயனப் பொருளைக் கையாளும் முறையை 1807இற் பதிவு செய்தார். அதே காலத்தில் இலண்டனில் வாழ்ந்த ஜோசப் மான்ரன், இரு குழல்களையும் பக்கம் பக்கமாக இணைத்து, இலேசும் அழகும் வாய்ந்த வேட்டைத் துப்பாக்கிக்கு வடிவு கொடுத்தார். அவரிடம் தொழில் பயின்ற ஜேம்ஸ் பேர்டி 1814இற் தனியே தொழில் தொடங்கினார்.

அதுவரை மருந்தும் குண்டும் குழலின் வாய்வழியே இடித்து இறக்கப்பட்டன. பாரிஸ் நகரத்து லெபோஷே என்பார், குழலை நடுவிலே மடித்துப் பின்புறமாகத் தோட்டாவை இடும் முறையை 1830களில் வகுத்தார். 1851இல் இலண்டனிலே நடந்த உலகப் பெருங்காட்சியில் அதனைக் கண்ட ஆங்கிலத் தொழிலாளர் தாமும் அவ்வழியே சென்றனர். 1875இல் பேர்மிங்ஹாம் நகரில் அன்சன், டீலி என்னும் இருவர், வெளியே குதிரை தெரியாத, குழலை மடிக்கும்போதே உள்விசை தானாக ஏறும் அமைப்பைக் கண்டனர். 1880இல் பீஸ்லி என்பார் வகுத்த மற்றோர் அமைப்பைப் பேர்டி நிறுவனம் இன்றும் கையாளுகின்றது. ஆக, மான்ரன் தொடங்கியது பீஸ்லி காலத்தில் நிறைவெய்தியது எனலாம். அதன்பின் அவ்வடிவத்திலே பெரிய மாற்றம் எதுவும் நேரவில்லை.

இவ்வடிவத்தின் நுட்பம் எளிமையிலே உள்ளது. ஒரு துப்பாக்கியுள் இரண்டு துப்பாக்கிகள் அடங்கியுள்ளன என்பதே அதன் சாரம். குழல் இரண்டு, உள்விசை இரண்டு, விரலால் இழுக்கும் வில்லும் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது இயங்கும். குழலின் வாய்ப்புறத்தைச் சற்றே ஒடுக்கினால் ஈயச் சிறுகுண்டுகள் அதிகம் பரவாமற் தொலைவிற் சென்று சேரும் என்பது 1860களிலும் 1870களிலும் செவ்வையாக விளங்கியது. அவ்வொடுக்கம் மிகுந்தவிடத்தும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் நாற்பது பங்கு அளவினதே. ஒரு குழலை அகலப் பரவுமாறும், மற்றதை ஒடுங்கிச் செல்லுமாறும் அமைத்தனர். அண்மையிலுள்ள பறவைக்கு எது, தொலைவிலுள்ளதற்கு எது என்பதை விரல் நொடியிலே தெரிந்துகொள்ளும். ‘12ஆம் இலக்கம்’ என்று வழங்கும் அளவும் ஒரு பழைய கணக்கே: ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அவற்றுள் ஒன்று குழலினுள்ளே பொருந்தும் என்பது பொருள்.

இத்துணை நுட்பமும் எதற்குப் பயன்பட்டது என்பதையும் மறைத்தல் கூடாது. ஏழாம் எட்வேர்ட் மன்னர், வேட்டைக்குப் பகல் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கவேண்டும் என்று, தமது சான்ட்ரிங்ஹாம் மாளிகைக் கடிகாரங்களை அரைமணி நேரம் முன்னாக ஓடவிட்டார். 1913ஆம் ஆண்டு டிசெம்பர் 18ஆம் திகதி, ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் கலந்துகொண்ட வேட்டையொன்றிலே ஒரே நாளில் ஏறக்குறைய 4,000 பறவைகள் வீழ்த்தப்பட்டன. அன்று மன்னருக்கே அது மிகையாகத் தோன்றியது என்று அவர் மைந்தர் பிற்காலத்தில் எழுதினார். அடுத்த ஆண்டிலே உலகப்போர் மூண்டது. அந்த உலகமும் மறைந்தது.

அமெரிக்காவிலே பார்க்கர், லெபீவர், எல். சி. ஸ்மித், இதாக்கா, பொக்ஸ் என்னும் பெயர்களில் இரட்டைக்குழல் துப்பாக்கிகள் சிறந்து விளங்கின. 1909இல் ஆபிரிக்காவுக்கு வேட்டைப் பயணம் சென்ற முன்னாள் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ற் கொண்டுசென்றது பொக்ஸ் துப்பாக்கியே. ஆனால், ஒரே குழலினால் ஐந்தாறு முறை தொடர்ந்து சுடும் துப்பாக்கிகள் அதற்குள் வந்துவிட்டன. அவற்றை இயந்திரங்கள் மலிவாக உருவாக்கின. இரட்டைக்குழல் துப்பாக்கிக்கோ கைத்தொழில் வேண்டும்: இரு குழல்களும் ஓரிடத்திலே குறிசேருமாறு பற்றவைத்து ஒழுங்குசெய்யவும், வால்நட் மரச் சோங்கைச் செதுக்கிப் பொருத்தவும் தேர்ந்த கைகள் வேண்டும். 1929இற் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி அக்கைகளுக்கு ஊதியம் இல்லாமற் செய்தது. பொக்ஸ் கம்பனி கைமாறியது. பார்க்கர் கம்பனியை 1934இல் றெமிங்ரன் நிறுவனம் வாங்கியது. இரண்டாம் உலகப்போரோடு அதன் உற்பத்தி நின்றது. இதாக்கா 1948இல் இரட்டைக்குழலைக் கைவிட்டது. 1931இற் சந்தைக்கு வந்த பிறவுணிங் துப்பாக்கி குழல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்தது. களிமண் புறா சுடுவோரும் பெரும்பாலும் அவ்வகையையே விரும்பினர். பழைய துப்பாக்கிகள் அலுமாரிகளுக்குள்ளும் பரண்களின் மேலும் உறங்கின.

அவற்றைத் துயிலெழுப்பியது ஸ்போட்டிங் கிளேஸ். இங்கிலாந்தின் சுடுபயிற்சிப் பள்ளிகளிலே, உயர்ந்த கோபுரத்திலிருந்து தட்டை வீசி, வேட்டைப் பறவையின் போக்கைக் காட்டிப் பயிற்றுவது பழைய வழக்கம். அதிலிருந்து வளர்ந்த இவ்விளையாட்டு 1980களில் அமெரிக்காவிற் பரவி, 1989இல் தனக்கெனத் தேசிய சங்கமொன்றையும் பெற்றது. ஒரே போக்கிலே பறக்கும் தட்டுக்கு இரண்டு குழலும் இரண்டு வில்லும் பெரிதும் வேண்டுவதில்லை. ஆனால், ஒன்று அருகிலும் ஒன்று தொலைவிலுமாக இரண்டு தட்டுகள் வேறுவேறு வகையிற் பறக்கும் களத்திலே, மான்ரன் காலத்து வடிவத்தின் சிறப்பு மீண்டும் வெளிப்பட்டது. 1990கள் தொடங்கி அன்பர்கள் சங்கம் அமைத்துக் கூடலாயினர்.

இப்பழமைப் பற்றிலே ஆபத்தும் உண்டு. பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளுட் பலவற்றின் தோட்டா அறை 65 மில்லிமீற்றர் நீளமே உடையது. இன்றைய பொதுத் தோட்டாவுக்கு வேண்டியது 70. நீண்ட தோட்டாவும் குறுகிய அறைக்குள் மறுப்பின்றி நுழைந்துவிடும். ஆனால், வெடிக்கும்போது அதன் மடிந்த வாய் விரிவதற்கு இடமின்றி உள்ளமுக்கம் பெருகும். இரும்புக் கம்பிகளையும் உருக்குக் கம்பிகளையும் முறுக்கிச் சுற்றிப் பற்றவைத்த ‘டமாஸ்கஸ்’ குழல்களின் அலையலையான கோலம் கண்ணைக் கவரும். எனினும், கருமருந்துக் காலத்தனவாகிய அவற்றிலே இன்றைய வலிய தோட்டாவை இடுவது கையையும் கண்ணையும் பணயம் வைப்பதாகும். எனவே, தேர்ந்த துப்பாக்கித் தொழிலாளி குழற்சுவரின் கனத்தை அளந்து உறுதிகூறிய பின்னரே, மென்மையான தோட்டாக்களைக் கொண்டு அறிந்தோர் சுடுவர். ஈயமும் ஒரு சிக்கலே. நீர்நிலைகளில் விழுந்த ஈயக் குண்டுகளை விழுங்கிப் பறவைகள் நஞ்சுண்டு இறப்பதால், 1991 முதல் அமெரிக்கா முழுவதிலும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் விலக்கப்பட்டது. மாற்றாக வந்த உருக்குக் குண்டோ பழைய மென்குழல்களுக்கு ஏற்றதன்று. பிஸ்மத் போன்ற மெல்லிய உலோகம் பொருந்தும். அதற்கு விலை அதிகம்.

ஆகவே, பழைய துப்பாக்கியைப் பேணுவோர் அதன் அழகை மட்டுமன்றி அதன் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும். அதனைப் படைத்த கைகளின் திறமையைப் போற்றுவோர், அது வானத்திலே உண்டாக்கிய வெறுமையையும் நினைத்தல் வேண்டும். களிமண் புறா கருணையினால் மட்டும் பிறந்ததன்று; பறவை அருகியமையும் பந்தயத்தின் வசதியும் வணிக ஊக்கமும் அதன் பிறப்பிலே கலந்துள்ளன. ஆயினும், நற்பயன் விளைவதற்கு நல்லெண்ணம் ஒன்றே காரணமாயிருக்கவேண்டும் என்ற நியதி வரலாற்றில் இல்லை. கொல்லுதற்கென்று நுண்மையாய்ச் செதுக்கப்பட்ட ஒரு கருவி, கூலிக்கு வார்த்த ஒரு தட்டினால் விளையாட்டுக் கருவியாயிற்று. அம்மாற்றம் ஒரு தலைமுறை முன்னரே நிகழ்ந்திருப்பின் அழிந்த பறவை தப்பியிருக்கும் என்று உறுதி கூற எவராலும் இயலாது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கும் அறிவு மனிதனுக்கு உண்டு. அவ்வறிவு உரிய காலத்தில் விழிக்கின்றதா என்பதே உயிர்களின் வாழ்வையும் அழிவையும் தீர்மானிக்கின்றது.